நிரல் நின்றது, மணி நிற்கவில்லை

கையால் செய்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலையை, தானாக நடக்க வைக்கிறேன் பேர்வழி என்று ஆறு வாரம் இழுப்பவன் நான். இதை வீட்டில் வியாதி என்றார்கள். பெருங்களத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இன்ஜினியரிங் என்றார்கள்.

அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வேதக்கோயில் மணியைக் கயிறு பிடித்து அடிப்பவர் தாசண்ணன். ஒருநாளும் தவறியதில்லை. (அவரிடம் என்ன குறை கண்டேன் என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.) கயிற்றை அவிழ்த்து வீசிவிட்டு, மணிக்கு ஒரு மோட்டாரையும், அதை இயக்க உள்ளங்கை அளவு எலக்ட்ரானிக் போர்டு ஒன்றையும் மாட்டி, அதில் நானே எழுதிய நிரலை, அதாவது புரோகிராமை, ஏற்றினேன். வாசலில் உள்ள பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு அடி அடித்துவிட்டுத் தானே நிற்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் சோதித்தபோது சமர்த்தாக அடித்தது, சமர்த்தாக நின்றது. ஆயர் கைகுலுக்கினார். "நீ கார்லேருந்து காலைக் கீழ வைக்கிறே, மணி அடிக்குது" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை கார் வந்தது. பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. ஓங்கி அழுத்தினேன். (ஓங்கி அழுத்தினால் கேட்கும் என்பது பொறியியலின் கடைசி நம்பிக்கை.)

அப்பா ஓடி வந்தார். "என்னடா, மணி எங்க?"

"ரெண்டே நிமிஷம்பா."

"பொண்ணு பட்டுப்புடவையோட கார்ல வேகுறா. தாஸை அடிக்கச் சொல்லவா?"

"கயித்தை அவுத்துட்டேன்பா."

அப்பா கோயில் வாசலில் கெட்ட வார்த்தை பேசாதவர். அன்று அவர் பட்ட கஷ்டம் முகத்தில் தெரிந்தது. அக்கா மணியோசை இல்லாமலே இறங்கி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தாலி கட்டும்போதாவது அடித்தே தீர வேண்டும் என்று மணிக்கூண்டு அறைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஓடுகிற நிரலை ஒரு குறிப்பிட்ட வரியில் நிற்க வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. பிரேக்பாயிண்ட் என்று பெயர். வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்தால் நிரல் அங்கே நிற்க வேண்டும். மோட்டாரை ஓடவிடும் வரிக்கு அடுத்த வரியில் வைத்தேன். பொட்டு வெளிறி, வெறும் வளையமாகிவிட்டது. நிற்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி வைத்தேன். கேபிளை மாற்றினேன். மென்பொருளை மூடித் திறந்தேன். உள்ளே இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம் முடிந்து பிரசங்கமே ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. நான் திரையில் திருத்திக்கொண்டிருந்தது புது நிரல். போர்டுக்குள் இருந்தது பழைய நிரல். ஏற்றவே இல்லை! பக்கத்து வீட்டு விலாசத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடியிருக்கிறேன். பொத்தானை நம்பாமல், ஏற்றியதும் தானாகவே மணி அடிக்கும்படி மாற்றி, புதிய நிரலை ஏற்றினேன்.

மணி அடித்தது. சிவப்புப் பொட்டில் நிரல் கச்சிதமாக நின்றது. துள்ளிக் குதித்தேன். குதித்ததில் முழங்கை பட்டு கேபிள் கழன்றுவிட்டது.

அப்பா மறுபடி ஓடி வந்தார். "நின்னுடுச்சுப்பா!" என்று கத்தினேன்.

"எங்கடா நின்னுச்சு? அடிச்சுக்கிட்டே இருக்கு!"

ஆமாம். அடிகளை எண்ணுவதும் மோட்டாரை நிறுத்துவதும் அடுத்தடுத்த வரிகள். அவற்றுக்கு முன்பே நிரலை நிறுத்தியவன் நான்; மோட்டார் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிரலை மறுபடி ஓடவிடப் பார்த்தேன்; 'போர்டு கிடைக்கவில்லை' என்றது திரை. கேபிளைத் தலைகீழாகச் செருகிக்கொண்டிருந்தேன். வெளியே மைக்கில் ஆயர் குரல்: "...கணவனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாயா?" அக்கா ஏதோ சொன்னாள். "கேட்கலம்மா" என்றார் ஆயர். அக்கா மறுபடி சொன்னாள். மணிதான் கேட்டது.

தாசண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, நிக்காதா?"

"நிரல் நின்னுடுச்சுண்ணா."

"அது நின்னுச்சுன்னா மணி ஏன் அடிச்சுகினு கீது?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

சட்டென்று நிசப்தம். அந்த நிசப்தத்தின் நடுவில், மணியை ஜெயிப்பதற்காக அடிவயிற்றிலிருந்து கிளம்பிய அக்காவின் குரல் மைக்கில் முழங்கியது: "சம்மதம்!!"

கோயில் முழுக்க அதிர்ந்து அடங்கியது. ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கேட்டுதும்மா" என்றார்.

வெளியே வந்தால், ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவர் கையில் தொப்பியோடு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றிருந்தார். "இன்னா சார், யாருனா பூட்டாங்களா?"

"இல்லண்ணா. எங்க அக்காவுக்குக் கல்யாணம்."

"அதுக்கா இம்மாம் அடி?"

பொத்தானுக்கு என்ன ஆயிற்று என்று பிறகு பார்த்தோம். வாசலில் பூ அலங்காரம் செய்தவர்கள் அதன் ஒயரைப் பிடுங்கி, அதை வைத்தே ரோஜா வளையத்தை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நிரலில் தவறே இல்லை. அந்த ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்ள இன்றுவரை யாரும் எனக்கு வாய்ப்புத் தரவில்லை. அடுத்த ஞாயிறே தாசண்ணன் கையில் கயிறு திரும்பிவிட்டது.

இப்போது அக்காவும் அத்தானும் பீர்க்கன்கரணையில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் வாக்குவாதம் வந்தால், "மூணு தடவை கத்திக் கட்டிக்கிட்டேன், ஞாபகம் இருக்கட்டும்" என்று அக்கா முடித்துவிடுவாள். அத்தான் என் பக்கம் திரும்பி, ரகசியமாகச் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்:

"மூணாவது தடவை கேட்டப்பவே ஓடியிருக்கணும் மச்சான். உங்க அப்பா வாசலை மறைச்சுக்கிட்டு நின்னாரு."