மூன்றாவது இடத்துத் தண்ணீர்

பாட்டிலில் இருக்க வேண்டியது ஓடைத் தண்ணீர். இருந்ததோ சமையலறைக் குழாய்த் தண்ணீர். கண்ணாடிக் கடைக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊருக்கே மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற தனக்கே வித்தியாசம் தெரியவில்லை, ஆய்வகத்துப் பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டார்.

வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஊர் ஓடையைக் கண்காணிக்கும் குழுவில் எட்டுப் பேர். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு ஆளுக்கு ஓர் இடத்தில், ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குத் தர வேண்டும். இவருக்கு வாய்த்தது மூன்றாவது இடம். பாலத்துக்குக் கீழே, வழுக்குகிற பதினாறு படி.

மற்றபடி அவர் விதிகளை மீறுகிற ஆள் இல்லை. சொன்னபடி பாட்டிலை மூன்று முறை அலசினார். குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததால், ஓடையின் குளிர்ச்சி வருவதற்காகப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தார். சீட்டில் எழுதினார்: 'நேரம் 6.05. வானிலை: மழை.' மழை என்பதாவது உண்மைதானே.

திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் போன் வந்தது. ஆய்வகத்துப் பெண்.

"சார், உங்க பாட்டிலைத்தான் முதல்ல திறந்தேன். அதுல குளோரின் இருக்கு."

"குளோரினா?"

"ஓடையில அது இருக்கவே கூடாது சார். மீன் குஞ்செல்லாம் செத்துப்போயிடும். யாரோ பிளீச்சிங் பவுடர் கொட்டறாங்க போல. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

குழாய்த் தண்ணீரில் குளோரின் கலப்பார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. புத்தி வேலை செய்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஒரு சலவைக் கடை இருக்கு..."

சொன்ன பிறகுதான் அது மனைவியின் அண்ணன் கடை என்பது நினைவுக்கு வந்தது.

பத்து மணிக்கெல்லாம் குழுச் செயலாளர் அழைத்துவிட்டார்.

"சபாஷ்! சொந்த மச்சான்னுகூடப் பார்க்கல நீங்க! சாயங்காலம் நூலகத்துல கூட்டம். கடையை மூடச் சொல்லித் தீர்மானம் போடறோம்."

கண்ணாடிக்காரர் அந்த அழைப்பை முடித்த கையோடு ஆய்வகத்துக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, அது கடையிலேருந்துதான் வரணுமா? ஓடையில மேலேருந்து வந்திருக்கலாமே?"

"நல்ல யோசனை சார்! மத்த ஏழு பாட்டிலையும் சாயங்காலத்துக்குள்ள பார்த்துட்டு, ரிசல்ட்டோட கூட்டத்துக்கே வந்துடறேன்."

போனை வைத்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மற்ற ஏழும் சுத்தமாக இருக்கும். மச்சான் கதை முடிந்தது.

மதியம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ணங்கென்று வந்து விழுந்தது.

"எங்கண்ணன் கடைத் தண்ணி சாக்கடைக்குப் போகுது, ஓடைக்குப் போகல. காலையிலேருந்து நாலு பேரு துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்களாம். அண்ணன் போன்ல அழுதாரு" என்றாள் மனைவி. "என்னங்க, அந்தத் தண்ணியை நீங்கதானே பிடிச்சீங்க?"

"என் கையாலதான் பிடிச்சேன்" என்றார். அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் நூலகத்தில் மச்சான் கடைசி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

"மாப்பிள்ளை, நீங்க சொன்னா காரணம் இருக்கும். ஆனா சத்தியமா நான் எதையும் கொட்டல" என்றார் மெதுவாக.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தீர்மானத்தைப் படிச்சிடலாமா? அந்தப் பொண்ணு வர நேரமாகும்."

"ரிசல்ட் எதுக்குங்க? நமக்குத் தெரியாததா?" என்றார் பல் டாக்டர்.

"சட்டுன்னு முடிங்க, அடுப்புல வேலை கிடக்கு" என்றாள் பேக்கரிக்காரி. மற்றவர்களும் வேகவேகமாகத் தலையாட்டினார்கள். இவ்வளவு ஒற்றுமையை அந்தக் குழு அதுவரை கண்டதில்லை.

செயலாளர் காகிதத்தைப் பிரித்த நேரம், ஆய்வகத்துப் பெண் கோப்போடு உள்ளே நுழைந்தாள். கண்ணாடிக்காரர் மச்சானைப் பார்த்தார். பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தார் மனிதர். இதற்கு மேல் தாங்காது என்று எழுந்துவிட்டார்.

"கடை மேல தப்பே இல்லை. நான்... நான் நேத்து ஓடைக்கே போகல. மழைன்னு சோம்பல். வீட்டுக் குழாய்ல பிடிச்சுக் கொடுத்துட்டேன். மச்சான், என்னை மன்னிச்சிடுங்க."

கூட்டம் காறித் துப்பப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். யாரும் துப்பவில்லை. கண்ணைத் திறந்தார். செயலாளர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல் டாக்டர் குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பையே தேடினார். பேக்கரிக்காரி கைப்பையைத் துழாவினாள்.

ஆய்வகத்துப் பெண் கோப்பைத் திறந்தாள்.

"நீங்க உட்காருங்க சார். எட்டு பாட்டில்லயும் அதே குளோரின்தான் இருக்கு. பாக்கி ஏழு பேரு எப்ப எழுந்திரிப்பாங்கன்னு பார்த்துட்டிருக்கேன்."