கை தூக்காத இனம்

“தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?” என்று கேட்டார் பல் டாக்டர்.

“இல்ல டாக்டர்.”

“அப்போ இந்தக் கடைவாய்ப் பல்லைக் குறுக்கால பிளந்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?”

சாய்வு நாற்காலியில் கிடந்த இளம்பெண், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வீண்பழி விழக் கூடாதே என்று அவசரமாகத் தலையை ஆட்டினாள்.

“ஆபீஸ்ல, வீட்ல ஏதாவது டென்ஷன்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாம் பரவாயில்ல.”

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். “இந்த வாரம் வந்த மூணாவது ‘பரவாயில்ல’ இது. மத்த ரெண்டு பேருக்கும் பல்லைப் பிடுங்கியாச்சு.” பிறகு இவளிடம், “உங்களுதைக் காப்பாத்திடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடணும். தள்ளிப்போட்டா நான் பொறுப்பில்ல,” என்றார்.

வாசகரே, பரவாயில்லைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. பஸ்ஸில் தங்கள் காலை மிதித்தவரிடம் தாங்களே மன்னிப்புக் கேட்டு, ஆறிப்போன காபியைக் கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லி, தையற்காரர் இறுக்கித் தைத்த சட்டையை மூச்சை அடக்கிப் போட்டுக்கொண்டு, வரிசையில் முன்னால் புகுந்தவருக்கு ‘பாவம், என்ன அவசரமோ’ என்று காரணமும் கண்டுபிடித்துக் கொடுத்து, இத்தனைக்கும் பிறகு இரவில் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று நம்புகிறவர்கள். தூங்குவது அவர்கள்தான். பற்கள் அல்ல.

நம் இளம்பெண் இந்த இனத்தில் முதல் தரம். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. பிறருடைய புகார்க் கடிதங்களை அவள் மொழிபெயர்த்தால் அனல் பறக்கும். ‘உடனடியாக நடவடிக்கை எடுக்காவிட்டால்’ என்று தொடங்கினாளானால் படிப்பவருக்கு வியர்க்கும். அவள் உட்காரும் நாற்காலிக்கோ ஒரு சக்கரம் இல்லை. புகார் செய்தாளா? அகராதியை எடுத்து முட்டுக் கொடுத்தாள். அன்றுமுதல் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டுமானால் எழுந்து, குனிந்து, அகராதியை உருவி, பார்த்து, மறுபடி செருகி, சாயாமல் உட்கார வேண்டும். நல்ல உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ஃபிரிட்ஜ்’ என்று பெயர். பாராட்டுத்தான். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தை யார் தொட்டுப் பார்க்கிறார்கள்? மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று அங்கே ஒருநாள் பயிற்சி வகுப்பு நடந்தது. பேச்சாளரின் குறிப்புகளை முந்தின நாள் மொழிபெயர்த்தவள் அவள்; எல்லாருக்கும் நாற்காலி போட்டவள் அவள்; “இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க,” என்று மேனேஜர் கைகாட்டியபோது, ஒரு நாற்காலி குறைந்ததால் நின்றுகொண்டிருந்தவளும் அவள்தான். கைதட்டல் பலமாக இருந்தது. தாடை வலித்தது.

“உன்கூட சண்டை போடவே முடியலக்கா,” என்றாள் தங்கை. “சுவத்துல பந்து அடிச்சாக்கூட அது திரும்பி வருது.”

“பரவாயில்லடி.”

“பாத்தியா!”

வெள்ளிக்கிழமை வந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மேனேஜர் ஒரு கட்டுத் தாளோடு எதிரே வந்தார்.

“இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க. நீங்கதான் டென்ஷனே ஆக மாட்டீங்களே!”

முடியாது என்பதற்கு இரண்டு மொழிகளிலும் எத்தனை சொற்கள் உண்டென்று அவளுக்குத் தெரியும். அத்தனையும் தொண்டை வரை வந்து, ‘நீங்கள் முதலில்’ என்று ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன. “பரவா—” என்று ஆரம்பித்து, வழக்கம்போல் பல்லைக் கடித்தாள். பிளந்த பல் சும்மா இருக்குமா? “ஐயோ!” என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் பின்வாங்கி, “இல்ல இல்ல, நானே பாத்துக்கறேன்,” என்று தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு மறைந்தார்.

வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் மறுப்பு. அதையும் சொன்னது பல்தான்.

அன்று மாலை மரப்பு ஊசி முழுதாக வேலை செய்யவில்லை. வலித்தால் இடது கையைத் தூக்கும்படி டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவள் தூக்கவில்லை. மும்முரமாக வேலை செய்கிறவரைத் தொந்தரவு செய்வானேன்? இடது கை தவறிப்போய் எழுந்துவிடாதபடி வலது கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போனது. கருவியின் சத்தம் நின்றது.

“வலிக்குதா?”

“பவாயில்ல,” என்றாள், வாய் நிறையப் பஞ்சோடு.

சிரிக்கிறீர்கள். நான் அந்த இனம் இல்லையப்பா என்கிறீர்கள். நல்லது. இதைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருந்தனவா? இப்போது அவசரமாக விலக்கியதை யாரும் பார்க்கவில்லை, பயப்படாதீர்கள்.

அவள் கை அன்று எழுந்தது. நர்ஸின் கண்ணாடியைத் தட்டிவிடும் வேகத்தில் எழுந்தது. பல்லும் பிழைத்தது. ஆனால் அவள் தனக்காகத் தூக்கினாள் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவளிடம் கேட்டது இதுதான்:

“உங்களுக்காக வேண்டாம்மா. நீங்க இப்படிக் கிடந்தா எனக்குப் பயமா இருக்கு. எனக்காகக் கொஞ்சம் கையைத் தூக்குங்களேன்.”