வீட்சே கரை அளக்கப் போன கதை

இனிமே ஒரு வருஷம் கார்ட்டூன் படமே பாக்க மாட்டேன்னு வீட்சே சபதம் போட்டான். தனியா இல்ல. மாமனார் டெர்க்கோட பொறந்தநாள் அன்னிக்கு, பதினாலு பேருக்கு நடுவுல.

டச்சு நாட்டு க்ரோனிங்கன் பக்கம் பொறந்தநாள்னா ஆட்டம் பாட்டம் கெடையாது. நாற்காலிய வட்டமாப் போட்டு உக்காரணும். ஆளுக்கு ஒரு துண்டு கேக். ரெண்டாவதுக்குக் கை நீண்டா அத்தைங்க அந்தக் கேக்குத் துண்டப் பாப்பாங்க, அப்பறம் நம்ம தொப்பையப் பாப்பாங்க. அந்த வட்டத்துல டெர்க் ஆரம்பிச்சாரு.

"ஏன் மாப்ள, போன மாசம் ஏதோ பென்குவின் படம் பாத்து ஓன்னு அழுதீங்களாமே?"

"அது... கண்ல தூசி மாமா."

"ஒன்றரை மணி நேரமாவா விழுந்துது தூசி?"

வட்டமே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுது. வீட்சேக்கு வயசு இருவத்தஞ்சு. நீர்வாரியத்துல வேல. கால்வாய்க்கரை ஸ்ட்ராங்கா இருக்கான்னு அளந்து சொல்லணும். அவன் சரின்னு சொன்னாத்தான் ஊரே நிம்மதியாத் தூங்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு ரோஷம் வராதா? எந்திரிச்சு நின்னுட்டான்.

"இன்னிலேர்ந்து ஒரு வருஷம் கார்ட்டூன் படம் பாக்க மாட்டேன்! பாத்தா, இந்தக் குடும்பத்துல எல்லாப் பொறந்தநாளுக்கும் நான்தான் காப்பி ஊத்துவேன்!"

வருஷத்துக்குப் பத்தொம்போது பொறந்தநாள். ஒவ்வொண்ணுக்கும் பதினாலு கப்பு, ரெண்டு ரவுண்டு. ஒருத்தருக்குப் பால் வேணும், ஒருத்தருக்குப் பால் வாடையே ஆகாது. இந்த வருஷம் அந்த வேல அவன் பொண்டாட்டி நீன்கா தலையில விழுந்திருந்துது. அவ ஒடனே பேனாவ எடுத்தா. நேரா கக்கூஸுக்குப் போனா. அந்த ஊர் வழக்கப்படி அங்க செவுத்துல தொங்கற பொறந்தநாள் காலண்டர்ல சபதத்த எழுதி, கீழ ரெண்டு கோடும் போட்டா. வர்ற விருந்தாளி அத்தன பேரும் உக்காந்து நிதானமாப் படிக்கலாம்.

மூணு வாரம் ஓடுச்சு. அப்பறம் அந்த நத்தை வந்துது.

பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப்பு புதுக் கார்ட்டூன் படப் போஸ்டர். கடலுக்கு ஒரு கடுதாசி கொண்டுபோற நத்தை. முதுகுல ஓடு, ஓட்டுமேல தபால் பை. வீட்சே சைக்கிள நிறுத்தி நிறுத்திப் பாத்தான். நத்தையும் அவனப் பாத்துது. வீட்டுக்கு வந்தா அங்கயும் அதே தொல்ல. நீன்கா பாத்திரம் கழுவிக்கிட்டே அந்தப் படத்துப் பாட்ட முணுமுணுக்கறா.

"அந்தப் பாட்டு வேண்டாமே நீன்கா."

"ஒனக்கென்னப்பா, நீ பெரிய மனுஷன். காத மூடிக்கோ."

அன்னிக்கே முடிவு பண்ணிட்டான். புதன்கிழம மத்தியானம் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்ல, அப்ப ஒரு ஷோ இருக்கு. கரை அளக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பினான். சைக்கிளத் தியேட்டருக்கு ரெண்டு தெரு தள்ளிப் பூட்டினான். கம்பளித் தொப்பியப் புருவம் வரைக்கும் இழுத்து விட்டான்.

டிக்கெட் கிழிக்கற அம்மா அவன மேலயும் கீழயும் பாத்தாங்க.

"கொழந்தை எங்க?"

"பின்னாடி வருது."

"ஒசரமா உக்கார மெத்தை தரட்டுமா?"

வேண்டாம்னா மாட்டிப்பான். வாங்கிக்கிட்டான்.

படம் ஓட ஆரம்பிச்சதும் வீட்சே இருவத்தஞ்சு வயச வாசல்லயே விட்டுட்டு வந்த மாதிரி ஆயிட்டான். நத்தை வழுக்கினா இவன் சீட்டப் புடிச்சான். நத்தை சிரிச்சா இவன் மெத்தையத் தட்டினான். மழ, காத்து, ஒரு கடல்காகம். கடுதாசியக் காப்பாத்தப்போயி நத்தையோட ஓடு 'படக்'னு ஒடஞ்சுது. வீட்சே நெஞ்சும் 'படக்'.

அந்த நேரம் பாத்து இடைவேளை. பளிச்சுன்னு எல்லா லைட்டும் எரிஞ்சுது.

கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, கையில கர்ச்சீப் இல்ல. பின் சீட்டுலேர்ந்து ஒரு கை காகிதக் கைக்குட்டைய நீட்டுச்சு.

"இந்தா, மூக்கத் தொடச்சுக்கோ."

நீன்கா!

"நீ... நீ எப்படி இங்க?"

"சமையக்கட்டுக் காலண்டர்ல நீதான எழுதி வெச்சிருந்த."

வீட்சேக்கு அப்பத்தான் ஒறச்சுது. அவன் ஊர்க்காரன் காலண்டர்ல குறிக்காம முடிகூட வெட்டிக்க மாட்டான். பழக்க தோஷத்துல திருட்டுத்தனத்தையும் குறிச்சுட்டான்.

"கரை அளப்புன்னுதான எழுதினேன்!"

"'கரை அளப்பு, ரெண்டே கால்லேர்ந்து நாலு. நடுவுல கால்மணி இடைவேளை.' கரைக்கு ஏது இடைவேளை? கால்வாய் வெளிய போயி பாப்கார்ன் வாங்கிட்டு வருமா?"

வீட்சே மெத்தையக் கட்டிப்புடிச்சுக்கிட்டான்.

"அது யாருக்கு?"

"கொழந்தைக்கு."

"எனக்கே தெரியாம எந்தக் கொழந்தை?"

கடைசியா ஒரு அஸ்திரம் விட்டுப் பாத்தான். "நீயும்தான பாத்துட்டிருக்க!"

"நான் எங்க சபதம் போட்டேன்? இது எனக்கு ரெண்டாவது தடவ. பாட்டெல்லாம் சும்மாவா மனப்பாடம் ஆகும்?"

அவ்வளவுதான். வீட்சே சீட்டுமேல முட்டி போட்டுத் திரும்பினான்.

"நீன்கா, தாயே, உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. பத்தொம்போது பொறந்தநாள்!"

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நான் வாயே தெறக்க மாட்டேன்."

என்ன மனசு, என்ன மனசு! வீட்சேக்கு மறுபடி அழுகையே வந்துருச்சு. அப்பத்தான் கவனிச்சான். நீன்காவுக்குப் பக்கத்து சீட்டுல ஒரு பெரிய உருவம், லைட்டு எரிஞ்சதுலேர்ந்து குனிஞ்சு சீட்டுக்கடியில எதையோ தேடிக்கிட்டே இருந்துது. இப்ப மெல்ல நிமிந்துது. மூக்கு பீட்ரூட் மாதிரி. கண்ணு ரெண்டும் வீங்கி, கையில புழியலாம்போல ஒரு கர்ச்சீப்.

மாமனார் டெர்க்.

"என்ன மாமா, கண்ல தூசியா?"

"பயங்கரத் தூசி மாப்ள. அந்த ஓடு ஒடஞ்சுது பாருங்க..." மூக்கச் சிந்தினாரு. தொண்டையக் கனச்சுக்கிட்டாரு.

"ஞாயித்துக்கெழம பெரியத்தைக்குப் பொறந்தநாள். எனக்குக் காப்பில சக்கர ரெண்டு."