முட்டையை நிறுத்திய பாட்டு

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். காரில் எல்லோரும் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகும்போது, "இதெல்லாம் ஊரே கேக்கறதுதான். இதே ஆளு இன்னொரு பாட்டுப் போட்டிருக்காரு, கேட்டிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கிற எண்ணமும் அவர்களுக்கு இருக்காது. ஆனாலும் அவர் போட்டே தீருவார். பின் சீட்டில் இருப்பவர்கள் தூங்குவதுபோல் பாவனை செய்வார்கள். எங்கள் குடும்பத்தில் அந்த ஒருவர் நான்தான்.

என் கட்சி எளிமையானது. ஜெயித்த பாட்டை ரசிக்க என்ன திறமை வேண்டும்? ஓடாத படத்துக்கு ஒருவர் உயிரைக் கொடுத்து மெட்டுப் போட்டிருப்பார். ஒரு அம்மாள் நெஞ்சு உருகப் பாடியிருப்பார். படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போயிருக்கும், பாட்டும் அதோடு போயிருக்கும். இந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா? (யாரும் என்னை அழைக்கவில்லை. நானாகவே போய்ப் பதவி ஏற்றுக்கொண்டேன்.) தினமும் காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் இப்படி ஒரு அனாதைப் பாட்டைப் போடுவேன். பதிலுக்குப் பெரியப்பா மட்டும் ஒரு கும்பிடு போடுவார். அவர் இரங்கல் செய்திக்கும் அதையேதான் போடுகிறவர்.

அந்தப் பாட்டுகளில் எனக்கு உயிர் ஒன்றின் மேல்தான். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள். பக்கத்தில் கோழி இருந்தால் யார் பொறுப்பு? தொடக்கத்தில் காதுக்கே எட்டாத அளவில் ஒரு வீணை, அப்புறம் ஒரு பெண்ணின் முனகல் மாதிரியான ஆலாபனை, அப்புறம் ஒரு நொடி மௌனம். அதற்குப் பிறகு பாட்டு ஆரம்பிக்கும். எப்படி ஆரம்பிக்கும் என்பதுதான் இந்தக் கதை. யூடியூபில் அதைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம். அதிலும் பாதி நானாகத்தான் இருப்பேன்.

எனக்குக் கல்யாணமான புதிது. நான் ஆத்தூர்ப் பக்கத்து ஆள், சேலத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மனைவி சுகந்திக்கு ஊர் மல்லசமுத்திரம் பக்கம். மாமனார் வீட்டில் முட்டைக் கோழிப் பண்ணை. சுகந்திக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரன்கள் வந்தன. ஒருவர் போர் போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தவர், கை நிறையத் தொழில். இன்னொருவர் நான். "எனக்கு இந்த ஆபீஸ்காரரே போதுங்கப்பா" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். மாமனார் மறுத்து ஒன்றும் பேசவில்லை. ஆனால் 'இந்தப் பையனை நம்பி எதையாச்சும் ஒப்படைக்க முடியுமா' என்ற கேள்வி அவர் முகத்தில் எப்போதும் இருந்தது. நான் சாப்பிடும்போதுகூட இருந்தது.

பண்ணையில் நான் கண்ட அதிசயம் பாட்டு. கொட்டகை நெடுகத் தூணுக்குத் தூண் ஒரு ஸ்பீக்கர். மோட்டார் ரூமில் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். விடிந்ததிலிருந்து அடையும் வரை எஃப்.எம். ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் என்று ஒருமுறை மாமனாரைக் கேட்டேன்.

"கோழிக்குங்க மாப்ள. பாட்டுச் சத்தம் இருந்தா அதுபாட்டுக்கு முட்டை வெக்கும்."

மனிதர் பேச்சில் சிக்கனம். அவர் சொல்லாமல் விட்டது இது: கோழி பயந்த பிராணி. சீரான சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால், வெளியே லாரி ஹாரன் அடித்தாலும் நாய் குரைத்தாலும் திடுக்கிடாது. அதற்கு எஃப்.எம்.மும் ஒன்றுதான், மிக்ஸி ஓடுகிற சத்தமும் ஒன்றுதான். எனக்குப் புரிந்தது வேறு. கோழிகள் இசையை ரசிக்கின்றன. ரசித்தால் முட்டை இடுகின்றன. அப்படியானால் அரைத்த மாவையே அரைக்கிற எஃப்.எம்.முக்குப் பதில் தரமான பாட்டைப் போட்டால்? (எம்.காம். படித்தவன் நான். சத்தியமாக இப்படித்தான் யோசித்தேன்.)

எடப்பாடியில் மாமியாருக்குப் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. மாமனாரும் மாமியாரும் போயே ஆக வேண்டும். பண்ணையை விட்டு இருவரும் ஒன்றாக வெளியூர் போனதே கிடையாது. அதிலும் அப்போது புதுக் கோழிகள் முட்டைக்கு வந்த சமயம். அந்தச் சமயத்தில் அவை ஒருமுறை பயந்தால் முட்டை பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். சுகந்திதான் பேசினாள். "அவர் பாத்துக்குவாருங்கப்பா. ஒரு நாள்தானே."

முந்தின ராத்திரி அவள் என்னிடம் சொன்னாள்: "எங்கப்பா யாரையும் நம்பிப் பண்ணைய உட்டுட்டுப் போனதில்லைங்க. எங்கண்ணனைக்கூட நம்புனதில்ல. நாளைக்கு மட்டும் நல்லபடியா போயிருச்சுன்னா, அந்த ரிக் வண்டிப் பேச்சு இந்த ஊட்டுல இனி எந்திரிக்காது." எனக்கு நெஞ்சு விம்மியது. உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவேன் என்றேன். "உயிரெல்லாம் ஓணாம். தொட்டி தண்ணி மட்டும் பாத்துக்கங்க" என்றாள்.

காலையில் மாமனார் வேட்டி கட்டிக்கொண்டு காரில் ஏறும்போது மூன்று விஷயம் சொன்னார். தண்ணி வத்தக் கூடாது, வெளியாளைக் கொட்டகைக்குள் விடக் கூடாது, பாட்டு நிற்கக் கூடாது. மூன்றையும் திருப்பிச் சொன்னேன். "வாரேனுங்க மாப்ள" என்று கிளம்பினார். கார் திரும்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

முதல் இரண்டையும் நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பகல் உச்சிக்கு ஏறிய நேரம், எஃப்.எம்.மில் ஒரே பாட்டு அன்றைக்கு மூன்றாவது முறையாக வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. என் போனை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். பாட்டு நிற்கக் கூடாது என்றுதானே சொன்னார்? நிறுத்தவில்லையே. முதலில் ஒரு தாலாட்டு, அடுத்து ஒரு காவடிச் சிந்து. இரண்டும் வானொலிகூட மறந்துபோன பாட்டுகள். கொட்டகை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் கோழிகள் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டித் தலையை ஆட்டின. (தீவனம் தின்ன ஆட்டின என்பது பிறகு புரிந்தது.) ஆயிரக்கணக்கில் ரசிகர்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கூண்டுக்குள் இருப்பதால் போக முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அந்த உருக்கத்தில்தான் அந்தப் பாட்டைப் போட்டேன்.

வீணை ஆரம்பித்தது. கோழிகளின் கொக்கரிப்பில் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நல்ல வீணை வீணாகப் போவதா என்று மோட்டார் ரூமுக்குப் போய்ச் சத்தத்தை முழுக்கத் திருகினேன். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆலாபனை குளிர்ந்த காற்று மாதிரி கொட்டகை முழுக்கப் பரவியது. அப்புறம் அந்த ஒரு நொடி மௌனம்.

பிறகு நாலு தவில், இரண்டு பம்பை, அவற்றுக்கு மேலே வரிசையாக டிரம்பெட். ஓடாத அந்தப் படத்தின் தயாரிப்பாளர் காசையெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் கொட்டியிருக்க வேண்டும். அத்தனை ஸ்பீக்கரிலும் ஒரே சமயத்தில் இடி இறங்கியது.

ஒரு கோழி பயந்தால் பறக்கும். அத்தனை கோழியும் ஒன்றாகப் பயந்தால் கொட்டகையே பறக்கப் பார்க்கும். கூண்டுக் கம்பிகள் அதிர்ந்தன, தீவனத் தூசி எழுந்தது, இறகு மழையாகக் கொட்டியது. தூசியில் எனக்கு என் கையே தெரியவில்லை. விழுந்தடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு ஓடிப் போனைப் பிடுங்கினேன். சட்டென்று ஒரே நிசப்தம். காலையிலிருந்து பாட்டுக்குப் பழகிய கோழிகளுக்கு அது முந்தினதைவிடப் பெரிய பயம். மறுபடி கத்த ஆரம்பித்தன. பாட்டு நிற்கக் கூடாது என்று மாமனார் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனைத் திரும்பச் சொருகினேன். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, டிரம்பெட்டிலிருந்து.

பண்ணை வேலை பார்க்கும் ராசாத்தி அக்கா தண்ணீர்க் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தது. "ஐயோ சாமி, என்ன பண்ணிப்போட்டீங்க சாமி" என்றது. பின்னாலேயே சுகந்தி. நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எஃப்.எம்.முக்கு மாற்றிவிட்டு, கூண்டு வரிசையைப் பார்த்தாள். கோழிகள் பின்பக்கமாக ஒடுங்கி ஒன்றின்மேல் ஒன்று நின்றன. "போச்சு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் அவள் என்னை அடித்திருக்கலாம்.

சாயங்காலம் மாமனார் வந்தார். கல்யாண வீட்டுச் சந்தனம்கூட அழியாமல் நேராகக் கொட்டகைக்குள் போனார். நடுவில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். பண்ணைக்காரர்களுக்குக் கோழியின் குரலே போதும்.

"என்னாச்சுங்க மாப்ள?"

"ஒன்னும் இல்லையே மாமா" என்றேன். அதே நேரம் அவர் போன் அடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் குரல் எனக்கும் கேட்டது: "ஏனுங்க, மத்தியானம் உங்க தோட்டத்துல கொட்டுச் சத்தம் பலமா கேட்டுதே. ஊட்டுல ஏதும் விசேசமுங்களா? எங்க கோழியெல்லாம் நெலைகொள்ளல."

மாமனார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அனாதைப் பாட்டுகளுக்கு நியாயம் வாங்கித் தரும் என் கொள்கை உட்பட. சுகந்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என் மானம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் அப்படி நின்றதைத்தான் பார்க்க முடியவில்லை. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டப் போடுங்க."

"இப்பவா மாமா?"

"கோழி கேட்டுதல்ல. நானும் கேக்கறேன்."

போனில் மெதுவாக வைத்துப் போட்டேன். வீணை, ஆலாபனை, மௌனம், இடி, பல்லவி, சரணம், எல்லாம். தலையைக்கூட அசைக்காமல் கடைசி வரை கேட்டார். என் வாழ்க்கையில் என் பாட்டை இடையில் எழுந்து போகாமல் முழுதாகக் கேட்ட முதல் மனிதர். முடிந்ததும் தோள்துண்டை உதறி எழுந்தார்.

"பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. பாட்டு மேல தப்பில்ல. கோழி மேலயும் தப்பில்ல."

அதோடு நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். மீதி யார் என்று எனக்கு விளங்காமல் இல்லை. இருட்டுகிற வரை அங்கேயே நின்றேன். சுகந்தி வந்து, "சாப்புட வாங்க. கோழிக்கும் பயம் போயிரும், அப்பாவுக்கும் கோவம் போயிரும்" என்றாள். அவளுக்குப் போயிருந்ததா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

மறுநாள் முட்டை பாதிக்கு விழுந்தது. வந்ததிலும் நிறைய தோல் முட்டை, ஓடு பிடிக்காமல் தொட்டால் அமுங்குவது. கால்நடை டாக்டர் வந்து தீவனம் மாற்றினீர்களா, ஊசி போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். மாமனார் எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, "பாட்டுங்க" என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் காரணம் கேட்டார், அவருக்கும் அதே பதில். தீவனக் கம்பெனிக்காரருக்கும் அதுவேதான். ஒரு மாதத்துக்குள் நாமக்கல்லிலிருந்து நாமகிரிப்பேட்டை வரை பண்ணைக்காரர்கள் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. முட்டை பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. என் பெயர் திரும்பவில்லை. இன்றைக்கும் அந்தப் பக்கம் நான் 'பாட்டுக்கார மாப்ள'. போன வருடம் ஒரு காதுகுத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து, "நீங்கதானுங்களா அது? அந்தப் பாட்டு என்ன பாட்டுங்க?" என்று கேட்டார். அங்கேயே போட்டுக் காட்டச் சொன்னார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தவில் இறங்கிய இடத்தில் பந்தல் முழுக்கச் சிரித்தது. சுகந்திதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். ஓடாமல்போன படத்தின் அந்த அம்மாள் குரலை அன்றைக்கு அத்தனை பேர் கேட்டார்கள் என்பதில் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் ஒரு பிடி கூடுதல்.

மாமனார் அதன் பிறகு மகளிடம் சொல்லி, என் நம்பருக்கு மட்டும் அந்தப் பாட்டைத் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டார். கூப்பிடுவது யார் என்று எடுக்கும் முன்பே தெரிந்து சுதாரித்துக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இதனால் அவர் போனைக் கொட்டகைக்குள் எடுத்துப் போவதே இல்லை. பகலில் யார் கூப்பிட்டாலும் கிடைக்க மாட்டார். அதற்கும் பழி என் மேல்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கூப்பிட்டேன். முழுக்க அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். நிற்கப் போகிற நேரத்தில் எடுத்தார்.

"என்ன மாமா, வேலையா இருந்தீங்களா?"

"இல்லீங்க மாப்ள, சும்மாதான் உக்காந்திருக்கறேன்" என்றார். "அந்தப் புள்ள பாடி முடிக்கட்டும்னு பாத்தேன்."