காந்தத்துக்குள் வந்த உண்மை

எனக்குப் பொய் சொல்ல வராது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரே பொய்யை, ஒரே வீட்டில், ஒரே மாமியாரிடம் நான்கு வருடம் காப்பாற்றியவள் நான்.

ஆந்திர எல்லையில் எங்கள் வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் வந்த புதிது. கணவருக்குப் பெங்களூரில் வேலை; மாதம் இரண்டு ஞாயிறு வருவார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை எனக்கு. அது நிலைக்கட்டும், ஒரு மகள் போதும் என்று கருத்தடைக்குக் காப்பர்-டி வைத்துக்கொண்டேன். கணவருக்கு மட்டும் தெரியும். மாமியாரோ இரண்டாவது பேரப்பிள்ளைக்காகக் காத்திருந்தார்.

இடுப்புவலி கால்வரை இறங்கியதும், திருப்பதியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். துணைக்கு வந்தவர் மாமியார்.

தோடு, கொலுசு எல்லாம் அவர் முந்தானையில் முடிந்தாயிற்று. நர்ஸ் படிவத்தோடு வந்தார். "ஒண்ட்லோ மெட்டல் ஏமன்னா உந்தா அம்மா? உடம்புக்குள்ள எதனா வெச்சிருக்காங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவ உடம்புல இன்னாம்மா இருக்குது? சோறே ஒழுங்கா துன்றதில்ல."

நானும் தலையாட்டினேன். (கையெழுத்தும் போட்டேன்.)

"பெரிய காந்தம்மா, சாவிகூட பறந்து போய் ஒட்டிக்கும்" என்றபடியே டெக்னீஷியன் என்னைப் படுக்கவைத்து, பயமாக இருந்தால் அழுத்த ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, உள்ளே அனுப்பினார். தடதடவென்று சத்தம் ஆரம்பித்தது. அடிவயிற்றில் ஏதோ இழுப்பதுபோல் இருந்தது. காப்பர்-டி என்னைக் கிழித்துக்கொண்டு கூரையில் போய் ஒட்டப்போகிறது! பந்தைப் பிழிந்தேன்.

"ஏமைந்தம்மா? என்னாச்சு?" என்றது ஸ்பீக்கர்.

"அண்ணா! உள்ள காப்பர்-டி இருக்குது! நாலு வருசமா இருக்குது! எங்க அத்தைக்குத் தெரியாது!"

டெக்னீஷியன் அறைக்கதவு திறந்தே கிடந்திருக்கிறது. கதவருகே முதல் நாற்காலியில் அத்தை.

என்னை வெளியே இழுத்தார்கள். டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்த டெக்னீஷியன், "செம்பைக் காந்தம் இழுக்காதும்மா. ஆனா முன்னாடியே சொல்லணும். மொதல்லேருந்து எடுக்கணும், படுங்க" என்றார். (நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுகிறவளுக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.) இரண்டாவது முறை மெஷின் பயமாகவே இல்லை. வெளியே வரத்தான் பயம்.

மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தோடுகளைத் தந்தார். ஆட்டோவில் ஏறிய பிறகு கேட்டார்.

"எங்கிட்ட கேட்டிருந்தா வேணான்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருப்பீங்க அத்தே."

யோசித்தார். "ஆமா. சொல்லித்தான் இருப்பேன்."

பிறகு ஆட்டோவைத் திருச்சானூர் அம்மன் கோயிலுக்குத் திருப்பச் சொன்னார். "பாவம், நாலு வருசமா அம்மனத் திட்டிக்கினு இருந்தேன். தப்பு அவ மேல இல்லன்னு சொல்லிட்டு வந்துடலாம்."

ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. உடற்பயிற்சியிலேயே வலி குறைந்தது. ஆனால் இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பேச்சை மென்று விழுங்கினால், "இப்பவே சொல்லிடு, மெஷினுக்குள்ள போய் கத்தாத" என்கிறார் மாமியார். போன மாதம் என் மகள், தன்னோடு வேலை செய்யும் பையனைப் பற்றி அவரிடம்தான் முதலில் சொன்னாள். எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.