படிகாரமும் புகைக்குழாய் சென்சாரும்

நோயை மருத்துவரிடமும் பழுதை மெக்கானிக்கிடமும் மறைக்கக் கூடாது. நான் பழுதை மறைக்கவில்லை. அதன் காரணத்தை மறைத்தேன். அதுதான் காரணம் என்று அறியாமலே மறைத்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒருவன் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது எளிதன்று. ஆயினும் எங்கள் ஊரான அபிஷேகப்பாக்கத்தில் இக்கதை பலவாறாகத் திரிந்து உலவுவதால் (ஒரு வடிவத்தில் நான் வண்டிக்கு ஆடே வெட்டியிருக்கிறேன்!) உண்மையை நானே பதிவு செய்வது நல்லது.

ஓய்வுக்குப் பின் டீசல் கார் ஒன்று வாங்கினேன். கண்ணேறு வெறும் மூடநம்பிக்கை என்று ஊர்ப் பள்ளியில் உரையாற்றியவன் நான். ஆகவே எலுமிச்சை, மிளகாய் எதுவும் வண்டியில் தொங்கக் கூடாது என்று மனைவி கோமதிக்குத் தடை விதித்தேன். முதல் வாரமே எதிர்வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, “இன்னா சார், கப்பலாட்டம் இருக்குது!” என்று பெருமூச்சு விட்டார். மறுநாள் ஒரு மாடு உரசிக் கதவில் கோடு போட்டது. அதற்கு மறுநாள் டயர் பஞ்சர்.

மூன்றாம் நாள் மதகடிப்பட்டுச் சந்தையில், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, படிகாரம் கோத்த கறுப்புத் திருஷ்டிக் கயிறு ஒன்றை வாங்கினேன். (தூசு ஒத்துக்கொள்ளாது என்று கடைக்காரரிடம் விளக்கினேன். அவர் கேட்கவே இல்லை.) கோமதி கோயிலுக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து வண்டியின் அடியில் தவழ்ந்து சென்று, எவர் கண்ணிலும் படாத ஒரு பிடிப்பில் அதைக் கட்டினேன். கயிற்றின் நீளம் போதவில்லை. என் பழைய அடையாள அட்டையின் நாடாவைச் சேர்த்து முடிந்தேன். படிகாரம் தேங்காய் அளவு. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் அல்லவா?

பத்தே நாளில் தொல்லை தொடங்கியது. ஓடும்போதே மஞ்சள் விளக்கு எரியும்; வண்டி வேகமிழந்து நடைபோடும். அணைத்துவிட்டு மீண்டும் கிளப்பினால் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். மதகடிப்பட்டில் ஒர்க்‌ஷாப் நடத்தும் லூர்துமேரியிடம் கொண்டுசென்றேன். டீசல் புகையில் உள்ள கரியை வடிகட்டும் பாகத்துக்கு முன்னால் சூட்டை அளக்கும் சென்சார் ஒன்று உண்டாம். அதன் கணக்கு அவ்வப்போது அறுந்துபோவதால் கம்ப்யூட்டர் பயந்து எஞ்சினை அடக்கிவிடுகிறது என்றார்.

“உட்டு உட்டு வர்ற பழுதுதான் சார் ரோதனை. இது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வண்டில எதுனா புதுசா மாட்டினீங்களா?”

“இல்லை.”

“அடியில யாருனா கை வச்சாங்களா?”

“எவரும் இல்லை.”

“சென்சார் மேலயே கைக்கு எட்டும். ஒயரு அடியில போவுது. தூக்கிப் பார்த்துடட்டுமா?”

“வண்டியைத் தூக்கத் தேவையில்லை!” என்றேன், வேண்டியதைவிடச் சற்று உரக்க.

என் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். விளக்கு எரிந்த நேரம், வெயில், வேகம் என யாவும் அதில் இருந்தன. கயிறு கட்டிய நாள் மட்டும் இல்லை. அதை வைத்து நான் போட்ட வரைபடத்தின்படி பழுது நண்பகலில் மட்டுமே வந்தது. (நான் நண்பகலில் மட்டுமே வண்டி ஓட்டினேன் என்பது பின்னர்தான் உறைத்தது.) “சென்சார் வெயிலில் தளர்கிறது, மாற்றுங்கள்” என்று தீர்ப்பளித்தேன். மாற்றினார். திரும்பும் வழியில், வில்லியனூர் ரயில்வே கேட்டில் குலுங்கியபோது விளக்கு மீண்டும் எரிந்தது.

இந்நிலையில் தம்பி மகனின் நிச்சயதார்த்தம் வந்தது. பெண் வீடு திருவாண்டார்கோயில். பெண்ணின் தந்தை நல்ல நேரம் குறித்துத் தொலைபேசியில் கேட்டபோது, “நேரம் பார்ப்பது வீண், நேரத்துக்கு வருவதே முக்கியம்” என்று கால் மணி நேரம் அறிவுரை வழங்கியிருந்தேன். அன்று என் வண்டியில் ஒன்பது வரிசைத் தட்டுகளும் நான்கு பெண்களும். வழிநெடுக, பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தி நிறுத்திக் கிளப்பி வந்தோம்; பெண் வீட்டுத் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் விளக்கு மறுபடியும் எரிந்தது. எங்களை ஓர் ஆட்டுக்குட்டி முந்திச் செல்ல, முக்கால் மணி தாமதமாக ஊர்ந்துபோய் வாசலில் நின்றோம்.

தம்பி என்னைக் கேளாமலே லூர்துமேரியை அழைத்துவிட்டான். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர், “ஆஃப் பண்ணாதீங்க சார்! இன்னிக்குத்தான் பழுது கையில மாட்டியிருக்குது” என்று அட்டைப்பெட்டியை விரித்து அடியில் நுழைந்தார். “விழா முடியட்டுமே” என்ற என் குரலை எவரும் பொருட்படுத்தவில்லை.

அடியிலிருந்து கேள்வி வந்தது. “இத யாரு கட்டுனது?”

புகையில் கறுத்த படிகாரத்துடன் வெளியே வந்தார். “ஒயரைப் புடிச்சிருக்கிற கிளிப்புல கட்டியிருக்காங்க. பள்ளத்துல எறங்குனா கல்லு ஆடி ஒயர இழுக்குது. உள்ள கம்பி அத்துக்கிட்டு, தொட்டும் தொடாமலும் நிக்குது.”

எல்லாரும் கோமதியைப் பார்த்தார்கள். “ஐயோ, நான் இல்லப்பா! ஒரு எலுமிச்சம்பழம் தொங்கவுட்டாலே வூட்ட உட்டுப் போய்டுவேன்னு சொன்ன மனுசன் இவரு!”

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் பகுத்தறிவைக் காப்பாற்றிக்கொள்ள அக்கணத்தில் நான் உதிர்த்த வாக்கியம் இது: “யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்.”

லூர்துமேரி கயிற்றைத் துடைத்து, முடிச்சிட்ட நாடாவை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். “இயற்பியல் துறைன்னு போட்டிருக்குது சார்.”

பந்தலே சிரித்தது. பெண்ணின் தந்தை மட்டும் என் தோளில் கைபோட்டு, “உடுங்க சம்பந்தி, நீங்களும் நம்மாளுதான்! இப்ப ராகு காலம். முடிஞ்சதும் தட்டு மாத்திக்கலாம்” என்றார். ராகு காலம் முடியும்வரை நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் மருமகளாக வந்துவிட்டாள். மிக்சி ஓடாவிட்டாலும் டி.வி. தெரியாவிட்டாலும் அவளுடைய முதல் கேள்வி, “பெரியமாமா, இதுக்கு அடியில எதுனா கட்டினீங்களா?”

லூர்துமேரி ஒயரைச் சரிசெய்த அன்றே கோமதி அதே கயிற்றை வண்டியின் முன்பக்கம், ஊரறியத் தொங்கவிட்டாள். அதன்பின் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. கயிற்றின் மகிமை என்கிறாள் அவள். ஒரே சோதனையில் இரண்டு காரணிகளை மாற்றக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் போதித்தவன் நான். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் உண்மை நிரூபணமாகிவிடும்.

அவிழ்க்கலாம்தான். ஆனால் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.