ஹாஸ்பிடல் கூவிளம்

'எக்சாமினேஷன்' என்ற சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது என்று தெரியாமல் தமிழ்ப் பண்டிதர் அடைக்கலம் சாக்பீசும் கையுமாக நின்றார்.

இங்கிலீஷ் வாத்தியாருக்குக் காய்ச்சல். "இன்னிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். நீங்கதான் சமாளிக்கணும்" என்று தலைமையாசிரியர் தர்மராஜ் அவரை ஐந்தாம் பாரத்துக்குள் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அடைக்கலத்தின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. இன்ஸ்பெக்டர் நல்லதாக நாலு வரி எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் திருச்சியை விட்டு முசிறிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

மனுஷன் அசரவில்லை. தெரிந்த வித்தையான யாப்பை எடுத்து அசை பிரித்தார். எக்/சா/மினே/ஷன். நேர் நேர் நிரை நேர். "தேமா புளிமா!" நிரை வந்த இடத்தில் குரலை அழுத்தினார். அகராதியைப் புரட்டினால் அழுத்தம் அங்கேயேதான்! யூ/னிவர்/சிட்/டி, கூவிளம் தேமா. அதுவும் சரி! ஒரே பீரியடில் இப்படி ஒரு விதியைக் கண்டுபிடித்தவரை மேதை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அப்போது இன்ஸ்பெக்டர் நுழைந்தார், பின்னாலேயே தர்மராஜ். "அடைக்கலம் நீங்கதானா? உங்க வகுப்பைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடைக்கலம் பதறிப்போய்க் கரும்பலகையிலிருந்த தேமாவை அழித்தார்.

"ஏன் அழிக்கிறீங்க?" இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கியது.

தர்மராஜ் முந்திக்கொண்டார். "அது லண்டன் முறைங்க சார். புதுசு."

"லண்டனா?" முகம் இன்னும் சுருங்கியது.

அடைக்கலம் தமிழை விட்டுவிட்டு, அழுத்தம் என்பதை இங்கிலீஷில் "ஸ்ட்ரெஸ்... ஸ்ட்ரெஸ்..." என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்தேவிட்டார்.

இனி ஜாண் போனாலென்ன, முழம் போனாலென்ன? அடைக்கலம் துணிந்தார். "ரெஸ்/பான்/சிபி/லிட்/டி! தேமா புளிமாங்காய்!"

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார். "ஹாஸ்பிடல்?"

"கூவிளம்!" என்ற அடைக்கலம், தம் விதிப்படி அழுத்தி, "ஹாஸ்பிடேல்!" என்றும் முழங்கினார். அழுத்தம் முதலிலல்லவா வரவேண்டும்! தர்மராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரோ அடைக்கலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். 'பாடம் அபாரம், நிரந்தரமாக்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

"உங்களை இனிமே இங்கிலீஷ் வாத்தியாராவே போட்டுடலாம் போலிருக்கே!" என்றார் தர்மராஜ், வியப்பு அடங்காமல்.

காப்பி டம்ளரை எடுக்க வந்த பியூன் பிச்சைமுத்து சிரித்தான். "அவரு தமிழ்ப் பாடம் பார்க்க வந்தவருங்க ஐயா! 'பசங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தையை வச்சே யாப்பு நடத்துறாரே, என்ன மூளை!'ன்னு வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே போனாருங்க."